ஆரம்பகால அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளின் முன்மாதிரிகள்: எதை வாங்குவது, எதை நம்புவது

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் வசிப்பவர். லூகர், கோல்ட் கைத்துப்பாக்கிகள் சிலவற்றை ஏற்கெனவே சேகரித்திருக்கிறார். இனி 1890 முதல் 1911 வரையிலான காலத்தைச் சேர்ந்த அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளின் முன்மாதிரிகள் பக்கம் திரும்ப விரும்புகிறார். ஏலப் பட்டியல்களில் பாதிக்கு மேற்பட்டவை 'முன்மாதிரி' என்றே குறிக்கப்படுகின்றனவே, அவற்றுள் எதை நம்புவது, குறைந்த செலவில் எங்கே தொடங்குவது, வாங்கியதை எப்படி வைத்துக்கொள்வது என்பவை அவருடைய ஐயங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எண்ணிக்கையில் குறைவாக இருப்பது வேறு, வடிவமைப்பு முடிவாகாத நிலையில் செய்யப்பட்டிருப்பது வேறு. சிங்கர் தையல் இயந்திர நிறுவனம் 1941-இல் செய்து கொடுத்த 500 கோல்ட் 1911ஏ1 துப்பாக்கிகள் இன்று பெரும் விலைக்குப் போகின்றன. ஆனால் அந்த வடிவமைப்பு அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிட்ட ஒன்று; சிங்கரின் துப்பாக்கியைப் பார்த்து வடிவமைப்பாளர் என்ன யோசித்தார் என்று ஒருவரும் அறிய முடியாது. ஹியூகோ போர்ச்சார்ட் 1893-இல் காப்புரிமை பெற்ற துப்பாக்கியும் அப்படித்தான். பெர்லினில் லுட்விக் லோவே நிறுவனமும், 1896-க்குப் பிறகு அதன் வழிவந்த டி.டபிள்யூ.எம். நிறுவனமுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 3,000 துப்பாக்கிகள் செய்து, தோளில் அணைத்துச் சுடப் பின்னால் பொருத்தும் தோள்கட்டை, உறை, உதிரி மேகசின்கள் (தோட்டாக் கூடுகள்) எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக் கடை வழியாக விற்றன. அது விற்பனைச் சரக்கு. அழகான சரக்கு, விலை உயர்ந்த சரக்கு, ஆனாலும் முன்மாதிரி அன்று.

உண்மையில் முன்மாதிரி என்று மதிக்கத்தக்கவை மூன்று படிகளில் வருகின்றன. பட்டறையில் வடிவமைப்பாளரின் மேற்பார்வையில் அரத்தாலும் கடைசல் எந்திரத்தாலும் ஒவ்வொன்றாகச் செய்யப்பட்டவை முதற்படி. இவற்றில் வரிசை எண் இல்லாமலும் இருக்கலாம், ஒற்றை இலக்க எண்ணோடும் இருக்கலாம். ஏதேனும் ஒரு நாட்டுப் படையின் சோதனைக்காக அனுப்பப்பட்டவை அடுத்த படி. உற்பத்தி தொடங்கிய பிறகும் மாற்றங்கள் தொடர்ந்துகொண்டிருந்த முதல் சில நூறு துப்பாக்கிகள் கடைசிப் படி. இந்தக் கடைசிப் படியை முன்மாதிரி என்று சொல்வதைக் கறாரான சேகரிப்பாளர்கள் ஏற்க மாட்டார்கள். ஆனால் கையில் அளவான பணம் உள்ள ஒருவர் உண்மையாகவே கற்றுக்கொள்ளக்கூடிய இடம் அதுதான் என்பது என் கருத்து.

மவுசர் சி96-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஓபர்ன்டோர்ஃபில் மவுசர் ஆலையில் பணிபுரிந்த ஃபீடர்லே சகோதரர்கள் மூவர் வகுத்த வடிவம் அது; காப்புரிமை பால் மவுசரின் பெயரில் போனது. முதல் முன்மாதிரியில் 1895 மார்ச் 15 என்ற தேதி பொறிக்கப்பட்டிருக்கிறது. தொடக்க முன்மாதிரிகளில் சுத்தியலின் தலை ரிவால்வரில் உள்ளதுபோல் கொக்கி வடிவில் நீண்டிருக்கும். அதன் பின் பக்கவாட்டில் கூம்பு வடிவக் குமிழ் கொண்ட சுத்தியல், அதன் பின் பெரிய வளையச் சுத்தியல், கடைசியில் சிறிய வளையம் என்று மாறிக்கொண்டே வந்தது. மேகசினும் 6, 10, 20 தோட்டாக்கள் என மூன்று அளவுகளில் செய்து பார்க்கப்பட்டது. கூம்புச் சுத்தியல் துப்பாக்கி ஒன்றையும் சிறு வளையத் துப்பாக்கி ஒன்றையும் அருகருகே வைத்துப் பிரித்துப் பார்த்தால், எந்த உறுப்பு எப்போது ஏன் எளிமையானது என்பது கண்முன் விரியும். கொக்கிச் சுத்தியல் துப்பாக்கி உங்கள் கைக்கு வரப்போவதில்லை. வராவிட்டாலும் இழப்பு பெரிதன்று.

அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் ப்ரௌனிங் விஷயத்திலும் இதே கதைதான். அவர் 1895 கோடையில் கோல்ட் நிறுவனத்தாருக்குக் காட்டியது வாயு அழுத்தத்தால் இயங்கும் ஒரு கைத்துப்பாக்கி. அது விற்பனைக்கு வரவேயில்லை. 1897 ஏப்ரல் 20-ஆம் தேதி ஒரே நாளில் அவருக்கு வழங்கப்பட்ட நான்கு அமெரிக்கக் காப்புரிமைகளில், அந்த வழி உட்பட, துப்பாக்கி தானாக மறுதோட்டா ஏற்றுவதற்கான வெவ்வேறு வழிகள் விளக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றுதான் கோல்ட் 1900 மாடலாக உருப்பெற்றது. தொடக்கத்தில் செய்த துப்பாக்கிகளில் பின்புறப் பார்வைக் குறியே பாதுகாப்புப் பூட்டாகவும் இருந்தது. அதைக் கீழே அழுத்தினால் சுத்தியல் ஊசியைத் தொடாமல் தடுக்கப்படும். மேலே தூக்கினால் சுடலாம். புத்திசாலித்தனமான யோசனைதான், ஆனால் படையினருக்குப் பிடிக்கவில்லை. எனவே கோல்ட் அதைக் கைவிட்டு நிலையான பார்வைக் குறியை வைத்தது. முன்னரே விற்கப்பட்ட பல துப்பாக்கிகளும் ஆலைக்குத் திரும்பி வந்து மாற்றியமைக்கப்பட்டன.

ஆகவே இன்று சந்தையில் கோல்ட் 1900 மூன்று நிலைகளில் கிடைக்கும்: தொடாத பழைய பூட்டோடு இருப்பது, ஆலையிலேயே மாற்றப்பட்டது, ஆலையில் மாற்றப்பட்டதை யாரோ பின்னாளில் புதிய உறுப்பு செய்து பழைய நிலைக்கே 'மீட்டது'. முதலாவது விலை மிகுந்தது. இரண்டாவது நேர்மையானது, விலையும் குறைவு. அந்தத் துப்பாக்கியின் வாழ்க்கையில் உண்மையாகவே நடந்த ஒரு முடிவை அது சுமந்து நிற்பதால் எனக்குத் தனிப்பட்ட முறையில் அதுவே பிடிக்கும். மூன்றாவதைத்தான் ஏலக்காரர்கள் முதலாவதாகக் காட்டுவார்கள். ஸ்லைடின் (சுடும்போது முன்பின் நகரும் மேலுறுப்பு) பின்பகுதியில் பார்வைக் குறி அமர்ந்திருக்கும் வெட்டின் ஓரங்களை உருப்பெருக்கியில் பாருங்கள். நூறாண்டுப் பழமையான வெட்டின் விளிம்பில் நீலப்பூச்சு மென்மையாகத் தேய்ந்து பழுப்பேறியிருக்கும். அண்மையில் திறக்கப்பட்ட வெட்டில் உலோகம் பளிச்சென்று வெளுத்திருக்கும்; அல்லது அந்த வெளுப்பை மறைக்கப் பூசிய நிறம் சுற்றியுள்ள நிறத்தோடு ஒட்டாமல் தனித்துத் தெரியும்.

சோதனைக்கு அனுப்பப்பட்ட துப்பாக்கிகள் என்று வந்தால் 1907-ஆம் ஆண்டு அமெரிக்கப் படை நடத்திய சோதனைகளை விட வளமான களம் வேறில்லை. பிலிப்பைன்ஸ் போர்களில் .38 (அங்குலக் கணக்கில் தோட்டாவின் விட்டம்) ரிவால்வர் எதிரியை நிறுத்தவில்லை என்ற புகார்கள் எழுந்தன. 1904-இல் தாம்சன், லகார்ட் என்ற இரு அதிகாரிகள், ஒருவர் படைக்கலத் துறையையும் மற்றவர் மருத்துவத் துறையையும் சேர்ந்தவர், நடத்திய ஆய்வின் முடிவில் .45-க்குக் குறைந்த தோட்டா கூடாது என்று பரிந்துரைத்தனர். அதன்படி ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலைக்குத் துப்பாக்கிகள் வரவழைக்கப்பட்டன. கோல்ட், சாவேஜ், லூகர், பெர்க்மன், நோபிள், ஒயிட்-மெரில் ஆகியவற்றோடு வெப்லி-ஃபாஸ்பரி என்ற தானியங்கி ரிவால்வரும் வந்தது. நோபிளின் துப்பாக்கிகள் சுட்டுப் பார்க்கவே தகுதியற்ற அளவுக்கு முரட்டு வேலைப்பாடாக இருந்ததால் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட்டன. இன்று அந்த நோபிள்தான் அதிகம் தேடப்படுவது. சேகரிப்பாளர்களின் மனம் அப்படி வேலை செய்கிறது.

மற்றவற்றின் மேல் நுண்தூசியை ஊதிச் சுட்டார்கள். நவச்சாரக் கரைசலில் நனைத்துத் துருவேற விட்டுச் சுட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்பிரிங்ஃபீல்ட் சோதனையில் பங்கேற்றது' என்ற குறிப்போடு கண்ணாடிபோல் பளபளக்கும் துப்பாக்கி ஒன்று விற்பனைக்கு வந்தால், அது சுடப்படாமல் இருந்த மாற்றுத் துப்பாக்கியாக இருக்க வேண்டும், அல்லது பின்னர் மெருகேற்றப்பட்டதாக இருக்க வேண்டும். இரண்டும் சாத்தியமே, எது என்பதை விற்பவர்தான் நிறுவ வேண்டும்.

சோதனைக் குழு கோல்ட், சாவேஜ் துப்பாக்கிகளில் தலா 200 வாங்கிக் குதிரைப்படையிடம் கொடுத்துப் பார்க்கப் பரிந்துரைத்தது. சாவேஜ் முதலில் மறுத்தது. லூகர் பக்கம் திரும்பியபோது 1908-இல் டி.டபிள்யூ.எம். விலகிக்கொண்டது. பின்னர் சாவேஜ் ஒப்புக்கொண்டு 200 துப்பாக்கிகளை அனுப்பியது. இறுதிச் சோதனை 1911 மார்ச்சில் நடந்தபோது கோல்ட் 6,000 தோட்டாக்களை ஒரு கோளாறும் இன்றிச் சுட்டு முடித்தது. சாவேஜ் 37 முறை தடுமாறியது. அந்த மார்ச் 29-இல் கோல்ட் ஏற்கப்பட்டது. தோற்றுப்போன சாவேஜ் .45 துப்பாக்கிகளை அரசு உபரிச் சரக்காக விற்றுவிட்டது. பல துப்பாக்கிகள் மெருகேற்றப்பட்டுத் தனியார் கைக்குப் போயின. ஆகவே சாவேஜ் .45 ஒன்றில் மறுபூச்சு இருப்பது தன்னளவில் குறையன்று. அதே மறுபூச்சை 'ஆலையின் முதல் பூச்சு' என்று சொல்லி விற்பதுதான் குறை.

லூகரின் .45 பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தச் சோதனைக்கென்றே அத்துப்பாக்கியின் வடிவமைப்பாளர் ஜார்ஜ் லூகர் கைப்பிடியின் சாய்வை மாற்றி, பெரிய தோட்டாவுக்கு ஏற்பச் செய்த துப்பாக்கி அது. எண் 1 சோதனையிலேயே அழிந்திருக்கலாம் என்பது பரவலான நம்பிக்கை. எண் 2 தப்பிப் பிழைத்து, 1989-இல் பத்து லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதே துப்பாக்கி 2010-இல் கலிபோர்னியாவில் ஏலத்துக்கு வந்தபோது 4,94,500 டாலருக்குத்தான் போனது. இருபத்தோரு ஆண்டுகளில் விலை பாதியாகக் குறைந்தது. உலகின் மிகப் புகழ்பெற்ற முன்மாதிரிக்கே இந்த நிலை என்றால், இந்தத் துறையை முதலீடாகக் கருதி நுழைபவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

இதே அமெரிக்கப் படை அதற்கு முன் 1901-இல் 7.65 மி.மீ. லூகர் 1,000 வாங்கிக் களச் சோதனைக்கு அனுப்பியதும் உண்டு. பின்னர் அவையும் உபரியாக விற்கப்பட்டு, பெரும்பகுதி நியூயார்க்கின் பழைய படைக்கல வணிகர் பேனர்மன் வழியாகச் சந்தைக்கு வந்தன. தோட்டா அறையின் மேல் அமெரிக்கக் கழுகு பொறித்த லூகர்கள் தனிப்பட்ட விற்பனைக்கும் ஏராளமாக வந்ததால், சாதாரணக் கழுகு லூகரைப் படைச் சோதனை லூகர் என்று விற்பது மிகப் பழைய தந்திரம். எண் ஏறத்தாழ 6100-க்கும் 7100-க்கும் இடையே இருக்க வேண்டும், சுட்டுச் சோதித்ததைக் காட்டும் ஜெர்மானியச் சோதனைச்சாலை முத்திரைகள் இருக்கக் கூடாது. இவ்விரண்டும் பொருந்தினால் மட்டுமே மேலே பேசுங்கள்.

போலிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போவது இங்கேதான். ஜார்ஜ் லூகர் தம் சொந்த முன்மாதிரிகள் சிலவற்றில் முழங்கால்போல் மடியும் பூட்டின் பின்முனையில் தம் பெயரின் முதலெழுத்துகளான 'ஜி.எல்.' என்பதைப் பொறித்தார். இரண்டே எழுத்துகள் ஒரு துப்பாக்கியின் விலையைப் பன்மடங்காக்கும் என்றால், அந்த எழுத்துகளைப் பொறிக்க ஆள் இல்லாமலா போவார்கள்? எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள். அது பொறிக்கப்பட்டது பூச்சுக்கு முன்பா பின்பா என்று பாருங்கள். முன்பு பொறித்திருந்தால் பள்ளத்தின் அடியிலும் நீலம் சீராக ஓடியிருக்கும். பின்பு பொறித்திருந்தால் பள்ளத்தின் கரையில் உலோகம் மேலெழும்பிப் பூச்சு விரிசல் கண்டிருக்கும். அந்த எழும்பலை அரத்தால் தேய்த்திருந்தால் சுற்றிலும் மிகச் சிறிய தட்டையான பகுதி உருவாகும். பக்கவாட்டில் ஒளியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அது கண்ணில் படும்.

சோதனைச்சாலை முத்திரைகளுக்கும் காலம் உண்டு. ஜெர்மனியில் 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகுடத்தின் கீழ் பி, யு, ஜி என்ற எழுத்துகள் பயன்பட்டன. மகுடத்தின் கீழ் 'என்' (N) என்ற எழுத்துள்ள முத்திரை 1910-களில்தான் வருகிறது. மகுடத்துக்குப் பதில் கழுகு வருவது 1940 வாக்கில். 1898-ஆம் ஆண்டு முன்மாதிரி என்று சொல்லப்படும் ஒன்றில் மகுட 'என்' முத்திரை இருந்தால், அது பின்னாளில் மறுசோதனைக்குப் போயிருக்கிறது, அல்லது குழல் மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது கதை பொய். பூச்சும் அப்படியே. அக்காலத்து ஆழ்நீலம் மெல்லத் துருவேற்றித் துருவேற்றி எடுக்கப்பட்டது; சிறு உறுப்புகள் சூட்டில் வைக்கோல் மஞ்சளாகவோ பிரகாசமான நீலமாகவோ நிறம் பெற்றன. வேதிக் கரைசலில் கொதிக்க வைத்து எடுக்கும் கறுப்பு 1930-களுக்குப் பிறகே பரவலானது. மறுமெருகு செய்தவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் திருகாணித் துளைகளின் வாய் சற்றே குழிந்துவிடும். கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்பு நகத்தில் தட்டுப்படாமல் வழுக்கும்.

உலோகம் சொல்வதைக் காகிதம் உறுதிப்படுத்த வேண்டும். கோல்ட் துப்பாக்கிக்கு அந்த நிறுவனத்தின் ஆவணப் பிரிவே கட்டணம் பெற்றுக்கொண்டு கடிதம் தரும். ஆனால் பட்டறை முன்மாதிரிகள் விற்பனைக்கு அனுப்பப்படாதவை என்பதால் அனுப்புப் பதிவேட்டில் அவற்றின் பெயர் இல்லாமலே போகலாம். கோல்ட் ஆலை தன் சொந்தத் தொகுப்பை 1957-இல் கனெடிகட் மாநிலத்துக்கு அளித்துவிட்டது. ஹார்ட்ஃபோர்டில் உள்ள கனெடிகட் வரலாற்று அருங்காட்சியகத்தில் அதைக் காணலாம். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலை இன்று தேசிய வரலாற்று இடம். வயோமிங் மாநிலத்தின் கோடி (Cody) நகரிலும் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரிலும் உள்ள அருங்காட்சியகங்களும் அவசியம் போக வேண்டியவை. ஆக்டனில் இருப்பது ப்ரௌனிங் குடும்பத்தோடு தொடர்புடைய தொகுப்பு. வாங்குவதற்கு முன் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளின் முன் நிற்பது எந்த நிபுணரின் சான்றிதழையும் விட மேல். ஜெர்மானியத் துப்பாக்கிகளுக்கு இந்த வசதி குறைவு. ஓபர்ன்டோர்ஃப் 1945-இல் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்த பிறகு மவுசரின் ஆவணங்கள் பெரும்பகுதி அழிந்துவிட்டன. எனவே அங்கே கைமாறிய வரலாறு, பழைய புகைப்படம், காப்புரிமை வரைபடம் ஆகியவற்றைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. காப்புரிமை வரைபடத்தோடு உறுப்புகள் அச்சு அசலாகப் பொருந்தினால் மகிழாமல் சந்தேகப்படுங்கள். உண்மையான முன்மாதிரி வரைபடத்திலிருந்து எங்கேனும் விலகியிருக்கும்.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில் பெர்க்மன். தியோடர் பெர்க்மனுக்காக லூயி ஷ்மைசர் வகுத்த 1896 மாடலின் தொடக்கத் துப்பாக்கிகளில் வெற்றுக் கூட்டை இழுத்து வெளியேற்றும் கொக்கியே கிடையாது. தோட்டாவின் அடியில் விளிம்பும் இல்லை, பள்ளமும் இல்லை. சுட்டபின் மீந்திருக்கும் வாயுவே கூட்டைப் பின்னுக்குத் தள்ள, அது மேகசினில் உள்ள அடுத்த தோட்டாவின் மேல் மோதித் தெறித்து வெளியே விழ வேண்டும் என்பது ஏற்பாடு. சுடாமல் விட்ட தோட்டாவை அறையிலிருந்து எடுப்பதுதான் சிக்கல். விரைவிலேயே கொக்கியும் பள்ளமும் வந்துவிட்டன. பள்ளமில்லாத தோட்டா ஒன்று, பள்ளமுள்ள தோட்டா ஒன்று, துப்பாக்கி ஒன்று என்று மூன்றையும் வைத்தாலே ஒரு முழு வளர்ச்சிக் கதை கையில் இருக்கிறது. பெர்க்மன் மலிவன்று, ஆனால் லூகர் முன்மாதிரியோடு ஒப்பிட்டால் எட்டும் தொலைவில் இருப்பது. அதைவிடக் குறைந்த செலவில் வேண்டுமானால் ஆஸ்திரியாவின் ரோத்-ஸ்டைர் 1907, மான்லிஷர் 1905 ஆகியவை உண்டு. இவை முன்மாதிரிகள் அல்ல, ஆனால் பிற்காலம் கைவிட்ட வழிகளை நன்கு காட்டுபவை.

இங்கே ஒரு கிளைக்கதைக்கு இடம் கொடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது கேபட்-ஃபேர்ஃபேக்ஸ் என்ற ஆங்கிலேயர் செய்த மார்ஸ் துப்பாக்கி. ஏறத்தாழ 80 மட்டுமே செய்யப்பட்டன. குழல் நெடுந்தூரம் பின்னுக்கு வந்து, தோட்டாவை மேகசினிலிருந்து பின்பக்கமாக உருவி, மேலே தூக்கி, விசையை விட்ட பிறகுதான் அறைக்குள் தள்ளும். வெற்றுக் கூடு சுடுபவரின் முகத்தை நோக்கியே பறக்கும். அதன் வலிமை அக்காலத்து எந்தக் கைத்துப்பாக்கியையும் மிஞ்சியது. பிரிட்டிஷ் கடற்படை சோதித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியது. செய்தவர் 1902-இல் திவாலானார். இதை வாங்கும் நிலையில் நான் இல்லை, நீங்களும் இல்லாதிருக்கலாம். ஆனால் இங்கிலாந்தின் லீட்ஸில் உள்ள ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தின் பக்கம் போனால் தேடிப் பாருங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி 1898 முடிவதற்குள் செய்யப்பட்டது பழம்பொருள். அதற்குப் பிந்தையது சாதாரணத் துப்பாக்கியே. எனவே ஒரே மாடலின் இரு துப்பாக்கிகள் சட்டத்தின் இரு பக்கங்களில் நிற்கலாம். செய்யப்பட்ட ஆண்டை நிறுவும் சான்று இங்கேயும் பணம்தான். ஐம்பது ஆண்டைக் கடந்தவற்றுக்குச் சேகரிப்பாளர் உரிமம் உண்டு. தோள்கட்டை பொருத்தக்கூடிய துப்பாக்கிகளில் மட்டும் மிகுந்த கவனம் தேவை: போர்ச்சார்ட், மவுசர், லூகர் வகைகளில் குறிப்பிட்ட சிலவற்றுக்கு விலக்கு உண்டு என்றாலும், பட்டியலில் இல்லாத துப்பாக்கியோடு தோள்கட்டையைச் சேர்த்து வைத்தால் பதிவு செய்யாத குறுங்குழல் ரைஃபிளை வைத்திருந்த குற்றத்துக்கு ஆளாவீர்கள். மாநிலச் சட்டங்கள் தனி. ஊர் திரும்பும்போது இந்தியாவுக்குக் கொண்டுவரலாம் என்று எண்ணியிருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். அங்கே ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதற்கும் உரிமம் வேண்டும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை இரண்டே விதிகள். சுடாதீர்கள். போர்ச்சார்டின் தோட்டாவும் மவுசரின் தோட்டாவும் சோவியத் டோக்கரெவின் தோட்டாவும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். டோக்கரெவின் அழுத்தம் மிகுதி, நூற்றிருபது ஆண்டுப் பழைய எஃகு அதைத் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை, உடைந்த உறுப்புக்கு உலகில் மாற்றும் இல்லை. அடுத்தது, தேய்க்காதீர்கள். செந்நிறத் துரு தெரிந்தால் மெல்லிய எண்ணெயைத் தடவி ஒரு வாரம் ஊறவிட்டு, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். பழுப்பேறிய மேற்பரப்பு அப்படியே இருக்கட்டும். பருத்திக் கையுறை அணிந்தே தொடுங்கள், தோலுறைக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். தோலைப் பதப்படுத்திய அமிலம் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும். திருகாணிகளைக் கழற்ற வேண்டிய தேவை வந்தால், அதன் வெட்டின் அகலத்துக்கேற்ப முனையை அரைத்துக்கொண்ட திருப்புளியைத்தான் பயன்படுத்த வேண்டும். அக்காலத்து வெட்டுகள் இன்றைய திருப்புளிகளின் முனையை விடக் குறுகலானவை. சிதைந்த திருகாணித் தலை ஒன்றே அடுத்து வாங்க வருபவர் விலையைக் குறைத்துக் கேட்கப் போதுமானது.